கதவடைத்த அறையில் அயலுறவுக் கொள்கை

சீன மக்கள் விடுதலைப் படையின் உயர் தளபதிகள் ஒன்பது பேர் கட்சியிலிருந்தும் படையிலிருந்தும் நீக்கப்பட்டதாக 2025 அக்டோபர் 17 அன்று அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அவர்களுள் முதன்மையானவர் ஹெ வெய்டோங். மத்திய ராணுவ ஆணையத்தின் துணைத் தலைவர். கட்சியின் 24 பேர் கொண்ட அரசியல் தலைமைக் குழுவின் உறுப்பினர். 2025 மார்ச் மாதம் தேசிய மக்கள் பேராயத்தின் கூட்டம் நிறைவடைந்த நாளுக்குப் பிறகு அவரைப் பொது நிகழ்ச்சி எதிலும் காண முடியவில்லை. ஏழு மாதங்கள் அவர் எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பதில் வந்தபோது அது சில வரிகளில் முடிந்துவிட்டது: கட்சி ஒழுங்கைக் கடுமையாக மீறினர், பதவி சார்ந்த கடுங்குற்றங்கள் புரிந்ததாக ஐயம் உள்ளது, தொடர்புடைய தொகை மிகப் பெரியது. எவ்வளவு தொகை, எந்தக் கொள்முதலில், எத்தனை ஆண்டுகளாக என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மூன்று நாள் கழித்து, அக்டோபர் 20 முதல் 23 வரை, மத்தியக் குழுவின் நான்காவது முழுக்கூட்டம் பெய்ஜிங்கில் நடைபெற்றது. 205 உறுப்பினர்களில் 168 பேர் பங்கேற்றனர். 2026 முதல் 2030 வரையிலான ஐந்தாண்டுத் திட்டத்துக்கான முன்மொழிவுகள் ஏற்கப்பட்டன, நீக்கங்கள் உறுதிசெய்யப்பட்டன, ராணுவ ஆணையத்தில் ஒழுங்கு ஆய்வைக் கவனித்துவந்த ஜாங் ஷெங்மின் துணைத் தலைவராக்கப்பட்டார். 2022இல் 20ஆவது பேராயத்தை ஒட்டி அமைக்கப்பட்ட அந்த ஆணையத்தில் தலைவர் ஷி ஜின்பிங்கையும் சேர்த்து ஏழு பேர் இருந்தனர். மூன்றே ஆண்டுகளில் அவர்களில் மூவர் வெளியேற்றப்பட்டுவிட்டனர். பாதுகாப்பு அமைச்சராக இருந்த லி ஷாங்ஃபு, அவருக்கு முன் அப்பொறுப்பை வகித்த வெய் ஃபெங்ஹெ ஆகிய இருவரும் லஞ்சக் குற்றச்சாட்டின் பேரில் 2024 ஜூனில் ஒரே நாளில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர்.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் மேலை நாடுகளின் ஏடுகளில் ஒரு தொழில் சூடுபிடிக்கும். மேடையில் யார் யாருக்கு அருகே நின்றார், யார் கைதட்டவில்லை, யாருடைய தேநீர்க் கோப்பை மூடியிருந்தது என்று கணித்து, அரண்மனைச் சதிகளை எழுதித் தள்ளும் தொழில் அது. இந்தியத் தொலைக்காட்சிகளும் இதில் சளைத்தவை அல்ல. 2022 செப்டம்பரில் பெய்ஜிங்கில் ராணுவப் புரட்சி நடந்துவிட்டது, ஷி வீட்டுக்காவலில் இருக்கிறார் என்ற வதந்தி இந்தியச் சமூக ஊடகங்களில்தான் பெருந்தீயாகப் பரவியது. சில நாட்களில் அவர் ஒரு கண்காட்சியில் தோன்றினார். அடுத்த மாதம் மூன்றாம் முறையாகப் பொதுச் செயலாளரானார். வதந்தியைப் பரப்பியவர் எவரும் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. வாஷிங்டன் நடத்தும் சீன எதிர்ப்புப் போருக்குத் தீனி போடும் இந்த வேலையில் இடதுசாரிகளுக்குப் பங்கில்லை.

ஆனால் வதந்தியை மறுப்பது ஒன்று; வாய்மூடி இருப்பது வேறொன்று. உண்மை வெளிவராத இடத்தில்தான் வதந்தி முளைக்கிறது. 10 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஒரு கட்சி, உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரத்தை ஆளும் கட்சி, செங்கொடியின் பெயரால் ஆளும் கட்சி, தன் உயர் தலைமையில் நடப்பதைத் தன் உறுப்பினருக்கே விளக்காமல் இருக்கிறது என்றால், அதை எதிரிகள் மட்டும் பேசட்டும் என்று விட்டுவிட முடியாது. அது முதலில் கம்யூனிஸ்டுகளின் கவலை. அந்நாட்டுடன் 3,488 கிலோமீட்டர் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் இந்திய மக்களின் கவலையும்கூட.

சீனப் படையில் ஊழல் கற்பனையன்று. பதவி உயர்வை விலைக்கு விற்றது முந்தைய பத்தாண்டுகளிலேயே அம்பலமான கதை. ராணுவ ஆணையத்தின் துணைத் தலைவர்களாக இருந்த சூ சாய்ஹோவும் குவோ போசியோங்கும் அக்குற்றத்தில்தான் வீழ்ந்தனர். சந்தைச் சீர்திருத்தம் என்ற பெயரில் நிலமும் ஆலையும் ஒப்பந்தமும் பணமாக மாறியபோது, சீருடை மட்டும் தூய்மையாக இருந்திருக்க முடியாது. 2012இல் பொறுப்பேற்ற ஷி, ஊழல் கட்சியைக் கொல்லும் என்று எச்சரித்துத் தொடங்கிய நடவடிக்கை மக்களிடம் வரவேற்பைப் பெற்றதற்குக் காரணம் இருந்தது.

இப்போதைய கேள்வி வேறு. அண்மையில் வீழ்ந்தவர்கள் பழைய ஆட்சியின் எச்சங்கள் அல்லர், ஷியே தேர்ந்தெடுத்தவர்கள். ஹெ வெய்டோங் முந்தைய மத்தியக் குழுவில் உறுப்பினராகக்கூட இருந்ததில்லை; 2022இல் ஒரே தாவலில் அரசியல் தலைமைக் குழுவுக்கு உயர்த்தப்பட்டார். லி ஷாங்ஃபு 2023 மார்ச்சில் அமைச்சரானார், அக்டோபரில் நீக்கப்பட்டார். அணு ஏவுகணைகளைக் கையாளும் ராக்கெட் படையின் கதை இன்னும் விசித்திரமானது. அதன் தளபதி 2023 ஜூலையில் மாற்றப்பட்டார். படையைச் சீர்செய்யக் கடற்படையிலிருந்து வாங் ஹோபின் கொண்டுவரப்பட்டார். 2025 அக்டோபரில் வெளியேற்றப்பட்ட ஒன்பது பேரில் அந்த வாங் ஹோபினும் ஒருவர். தேர்ந்தெடுக்கப்பட்டவர் தவறினால் அவர் தண்டிக்கப்படுகிறார். தேர்ந்தெடுத்தவரை யார் கேட்பது?

மத்திய ராணுவ ஆணையத்தில் ‘தலைவர் பொறுப்பு முறை’ நிலவுவதாகச் சீனக் கட்சியின் ஆவணங்கள் கூறுகின்றன. 2017இல் அது கட்சியின் அமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றது. தமிழில் ‘பொறுப்பு’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒரு பணியை ஏற்று நடத்துவது பொறுப்பு; அதன் விளைவுக்குப் பதில் சொல்வதும் பொறுப்பு. முதற்பொருளில் பார்த்தால் படையின் அனைத்துப் பெருமுடிவுகளும் தலைவரிடம் சென்று சேர்கின்றன. இரண்டாம் பொருளைச் செயல்படுத்தும் அவை எது என்று தேடினால் ஆவணத்தில் இருக்கிறது, நடப்பில் இல்லை.

இந்தப் பிரச்சினையைச் சீனக் கம்யூனிஸ்டுகள் அறியாதவர்கள் அல்லர். அவர்களைவிட இதற்குக் கடும்விலை கொடுத்தவர்கள் குறைவு. 1959 ஜூலையில் லூஷான் கூட்டத்தில் பாதுகாப்பு அமைச்சர் பெங் டெஹுவாய், ‘மாபெரும் பாய்ச்சல்’ கிராமங்களில் உண்டாக்கிவரும் அழிவைச் சுட்டிக்காட்டி மாவோவுக்குக் கடிதம் எழுதினார். கொரியப் போரில் அமெரிக்கப் படையை எதிர்த்து நின்ற தளபதி அவர். உழவர் குடும்பத்தில் பிறந்து பட்டினியை அறிந்தவர். கடிதத்துக்குக் கிடைத்த பரிசு பதவி பறிப்பு. பெங்கின் வீழ்ச்சியைப் பார்த்த மாவட்டச் செயலாளர்கள் அதன் பிறகு விளைச்சலைக் குறைத்துச் சொல்லத் துணியவில்லை. ஏட்டில் நெல் விளைந்தது. ஊரில் மக்கள் மாண்டனர். அவருடைய இடத்தில் அமர்த்தப்பட்ட லின் பியாவ், 1969இல் கட்சியின் அமைப்புச் சட்டத்திலேயே மாவோவின் வாரிசாகப் பெயர் பொறிக்கப்பட்டவர், இரண்டே ஆண்டுகளில் நாட்டைவிட்டுத் தப்பும்போது மங்கோலியாவில் விமான விபத்தில் இறந்தார். பெங் 1974இல் காவலிலேயே உயிர்நீத்தார். அவர்மீதான பழி நீக்கப்பட 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஷியின் குடும்பமும் அந்தக் காலத்தின் பலியாடுதான். அவருடைய தந்தை ஷி ஜோங்சுன் துணைப் பிரதமராக இருந்தபோது ஒரு நாவலை முன்னிட்டு 1962இல் வீழ்த்தப்பட்டார். பதினைந்து வயதில் ஷி ஷான்சி மாகாணத்தின் லியாங்ஜியாஹெ கிராமத்துக்கு அனுப்பப்பட்டுக் குகைவீட்டில் வாழ்ந்ததை அந்நாட்டு ஏடுகள் இன்று பெருமையாக எழுதுகின்றன. அவரை அங்கே அனுப்பிய அரசியலைப் பற்றி அவை அதே அளவுக்கு எழுதுவதில்லை.

அந்த அனுபவத்தின் படிப்பினையாகவே 1980 ஆகஸ்டில் டெங் சியாவோபிங் தலைமை முறையின் சீர்திருத்தம் பற்றி உரையாற்றினார். அதிகாரக் குவிப்பு, ஆயுட்காலப் பதவி, குடும்பத் தலைவர் போல் நடந்துகொள்ளும் போக்கு ஆகியவை தனிமனிதரின் குணக்கேடுகள் அல்ல, அமைப்பின் நோய்கள் என்று அவ்வுரை வகைப்படுத்தியது. 1982இல் கட்சித் தலைவர் என்ற பதவி ஒழிக்கப்பட்டது; தனிநபர் வழிபாடு எந்த வடிவிலும் கூடாது என்பது கட்சியின் அமைப்புச் சட்டத்தில் சேர்ந்தது; குடியரசுத் தலைவர் பதவிக்கு இரண்டு முறை என்ற வரம்பு அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெற்றது. இவற்றை வைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. முதுமையில் எந்த முறையான உயர்பதவியும் இன்றி டெங்கே இறுதி முடிவுகளை எடுத்தார். 1989இல் மாணவர்மீதும் தொழிலாளர்மீதும் படையை ஏவுவதை ஏற்காத பொதுச் செயலாளர் ஜாவோ சியாங், 2005இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் இருந்தார். கூட்டுத் தலைமை என்று சொல்லப்பட்ட அந்த ஆண்டுகளில்தான் ஏற்றத்தாழ்வு விண்ணைத் தொட்டது, ஊழல் வேர்விட்டது. ஆயினும் ஒருவர் பத்து ஆண்டுகளில் விலகுவார் என்ற ஏற்பாடு, அடுத்து வருபவர் முந்தையவரின் பிழையைத் திருத்த ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது.

2018 மார்ச் 11 அன்று அந்த வாயில் அடைக்கப்பட்டது. இரு முறை என்ற வரம்பை நீக்கும் திருத்தத்துக்கு ஆதரவாக 2,958 வாக்குகள், எதிராக 2. மூவர் நடுநிலை. இந்த எண்கள் ஒற்றுமையைக் காட்டுவதாகச் சொல்பவர்கள், தம் கிளைக் கூட்டத்தில் ஒரு சாதாரணத் தீர்மானத்துக்கு எத்தனை கைகள் மாறி உயர்கின்றன என்பதை நினைத்துப் பார்க்கலாம். மார்க்ஸ் பிறந்த 200ஆவது ஆண்டு அது. மே மாதத்தில் மக்கள் மண்டபத்தில் பெருவிழா நடந்தது. ஜூலையில் ஷென்ஜென் நகரின் ஜாசிக் ஆலைத் தொழிலாளர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைக்க முயன்றதற்காகக் கைது செய்யப்பட்டனர். அவர்களுக்குத் துணைநின்ற பெய்ஜிங் பல்கலைக்கழக மார்க்சிய மாணவர்களும் ஆகஸ்டில் பிடித்துச் செல்லப்பட்டனர். மார்க்சைப் படித்து, படித்ததை நம்பிய பிள்ளைகள். தலைமையை இடித்துரைக்கும் உரிமை மேலே மூடப்படும்போது, சங்கம் வைக்கும் உரிமை கீழே மூடப்படுவது தற்செயலன்று.

கட்சிக்குள் நடக்கும் இந்த மாற்றம் அயலுறவில் எப்படி எதிரொலிக்கிறது? சின் காங் 2022 டிசம்பர் இறுதியில் அயலுறவு அமைச்சரானார். 2023 ஜூன் 25க்குப் பிறகு அவரைக் காணவில்லை. உடல்நலக் குறைவு என்று ஒருமுறை சொல்லப்பட்டது. பிறகு அதுவும் சொல்லப்படவில்லை. ஜூலை 25 அன்று அவர் நீக்கப்பட்டு, முன்னாள் அமைச்சர் வாங் யி மீண்டும் கொண்டுவரப்பட்டார். ஓராண்டு கழித்துச் சின் மத்தியக் குழுவிலிருந்து விலகியது ஏற்கப்பட்டதாக ஒரு வரி வந்தது. காரணம் இன்றுவரை வெளியிடப்படவில்லை. எழுபது வயதைக் கடந்த வாங் யி கட்சியின் அயலுறவு ஆணைய அலுவலகத்தையும் அமைச்சகத்தையும் ஒருசேரச் சுமக்கிறார்.

அடுத்த நிகழ்வு இடதுசாரிகளுக்கு இன்னும் நெருக்கமானது. உலகெங்கும் உள்ள 600க்கும் மேற்பட்ட கட்சிகளுடன், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிகளையும் உள்ளிட்டு, தொடர்பு வைத்திருப்பது சீனக் கட்சியின் சர்வதேசத் துறை. அதன் தலைவர் லியு ஜியான்சாவ், அடுத்த அயலுறவு அமைச்சர் என்று பேசப்பட்டவர். வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பியதும் அவர் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார் என்று 2025 ஆகஸ்டில் மேலை ஏடுகள் எழுதின. செப்டம்பர் 30 அன்று லியு ஹைசிங் அத்துறையின் தலைவராக அறிமுகமானார். முன்னவர் என்ன ஆனார் என்பதைச் சகோதரக் கட்சிகள் எனப்படுபவையும் அமெரிக்க ஏடுகளைப் படித்துத்தான் ஊகிக்க வேண்டும். தோழமை உறவில் இது வேதனையான நிலை.

ஆயினும் சீனாவின் அயலுறவு தோல்வியில் தத்தளிக்கிறது என்று எழுதுவது பொய். டிரம்ப் 2025 ஏப்ரலில் 145 சதவீதம் வரை வரியை ஏற்றியபோது, பதிலுக்கு 125 சதவீதம் விதித்து நிமிர்ந்து நின்ற நாடு சீனா. அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் டெட்ராய்ட் முதல் டோக்கியோ வரை ஆலைகள் திணறின. அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில் ஷியைச் சந்தித்த டிரம்ப் வரியைக் குறைக்க இசைந்தார். பல பத்தாண்டுகள் உழைத்துக் கட்டிய தொழில் வலிமை பேசிய இடம் அது. வறுமையிலிருந்து மீண்ட 80 கோடி மக்களின் உழைப்பு அதில் இருக்கிறது. 2023 மார்ச்சில் சவூதி அரேபியாவையும் ஈரானையும் கைகுலுக்க வைத்ததும், 2024 ஜூலையில் 14 பாலஸ்தீன அமைப்புகளை ஒரே மேசையில் அமர்த்தியதும் மெச்சத்தக்கவை.

ஆனால் அந்த வலிமை எதற்காக? 2025 நவம்பர் 17 அன்று காஸாவை டிரம்ப் தலைமையிலான ‘அமைதி வாரியத்திடம்’ ஒப்படைக்கும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு அவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. 13 நாடுகள் ஆதரித்தன. தடுப்பதிகாரம் படைத்த சீனாவும் ரஷ்யாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. தீர்மானத்தில் பாலஸ்தீனர்களின் குரல் இல்லை என்று சீனத் தூதர் குறை கூறினார். குறை கூறிய கை தடுக்க உயரவில்லை. ஹைஃபாவில் ஷாங்காய் துறைமுக நிறுவனம் நடத்தும் முனையம் 2021 முதல் இயங்கிவருகிறது. அரசின் நலனும் சந்தையின் நலனும் எடைபோடப்படும் அந்த அறையில், சர்வதேசியத்தின் பேரால் பேசுவோர் இருக்கிறார்களா, இருந்தால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை.

அறை சுருங்கச் சுருங்க முடிவுகள் விரைவாகும், பிழைகளும் நீளும். கொரோனாக் காலத்தின் முழுமுடக்கக் கொள்கை தொடக்கத்தில் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. கிருமி உருமாறிய பிறகும் கொள்கை மாறவில்லை, அது தலைவரின் கொள்கை என்பதால். 2022 நவம்பர் 24 அன்று உரும்சியில் ஒரு குடியிருப்பில் தீப்பற்றிப் பத்துப் பேர் இறந்து, நகரந்தோறும் இளைஞர்கள் வெற்றுத்தாளை ஏந்தித் தெருவுக்கு வந்த பிறகே, டிசம்பர் 7 அன்று கட்டுப்பாடுகள் தளர்ந்தன. உள்நாட்டில் பிழையைத் தெருவே திருத்தியது. ஆளற்ற பனிமலையில், இரு படைகள் எதிரெதிரே நிற்கும் எல்லையில், அப்படித் திருத்த யார் இருக்கிறார்கள்?

இந்தியாவைப் பொறுத்தவரை இது ஏட்டுக் கேள்வியன்று. வெளியேற்றப்பட்ட ஹெ வெய்டோங் 2016 முதல் 2019 வரை இந்திய எல்லையைக் கவனிக்கும் மேற்குப் போர்முனைக் கட்டளையகத்தின் தரைப்படைக்குத் தலைமை வகித்தவர். 73 நாள் நீடித்த டோக்லாம் முற்றுகை அவர் காலத்தில் நடந்தது. அதற்கு முன்பு இரு நாடுகளும் அமைதியைப் பொறுமையாகக் கட்டிவந்தன. 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தியின் பயணம். 1993இல் நரசிம்ம ராவ் ஆட்சியில் எல்லை அமைதி உடன்பாடு. 1996இல் தேவகவுடா பிரதமராக இருந்தபோது, ஜியாங் ஜெமின் டெல்லி வந்து கையெழுத்தான படைசார் நம்பிக்கை உடன்பாடு. 2005இல் மன்மோகன் சிங் காலத்தில் எல்லைத் தீர்வுக்கான அரசியல் நெறிகள். டெல்லியில் ஆட்சிகள் மாறின. பெய்ஜிங்கில் தலைவர்கள் மாறினர். உடன்பாடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. கட்டுப்பாட்டுக் கோட்டின் இருபுறமும் இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கி சுடக்கூடாது என்பது 1996 உடன்பாட்டின் விதி.

பின்பு காட்சி மாறியது. அதிகாரிகளும் அமைச்சகங்களும் செய்துவந்த வேலையை இரு தலைவர்களின் தனிநட்பு செய்யும் என்றார்கள். 2018 ஏப்ரலில் வூஹானில் படகுச் சவாரி. 2019 அக்டோபரில் மாமல்லபுரம்: வேட்டி கட்டிய மோடி, வெண்சட்டை அணிந்த ஷி, அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில், கையில் இளநீர். கூட்டறிக்கை இல்லை, உடன்பாடு இல்லை. அதுவே அச்சந்திப்பின் சிறப்பு என்று எழுதினார்கள். எட்டு மாதம் கழித்து, 2020 ஜூன் 15 இரவில், கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் கல்லாலும் ஆணி அடித்த தடியாலும் தாக்கப்பட்டு மாண்டனர். அவர்களுள் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார். தன் பக்கம் நால்வர் இறந்ததாகச் சீனா ஒப்புக்கொள்ள 2021 பிப்ரவரி வரை ஆயிற்று. 1996 விதியால் துப்பாக்கி வெடிக்கவில்லை. கிராமத்துப் பிள்ளைகள் உறைபனி ஆற்றில் விழுந்து இறந்தனர். அந்த மோதலுக்கு இட்டுச்சென்ற படைக்குவிப்பை பெய்ஜிங்கில் யார், எதற்காக முடிவு செய்தார் என்பது சீன மக்களுக்குச் சொல்லப்படவில்லை.

இந்திய மக்களுக்கும் சொல்லப்படவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஜூன் 19 அன்று அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், எல்லைக்குள் எவரும் ஊடுருவவில்லை என்றார் பிரதமர். எவரும் வராத இடத்தில் இருபது பேர் எப்படி இறந்தனர் என்ற கேள்வி இன்றும் அந்தரத்தில் நிற்கிறது. 2022 டிசம்பரில் தவாங் அருகே மோதல் நடந்தபோது எதிர்க்கட்சிகள் விவாதம் கோரின; மறுக்கப்பட்டதால் வெளிநடப்புச் செய்தன. போர் நடந்துகொண்டிருந்த 1962 நவம்பரிலேயே நாடாளுமன்றத்தைக் கூட்டி, தன்மீதான கடுஞ்சொற்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் நேரு. பேச்சுவார்த்தையால் தீர்வு காணச் சொன்ன கம்யூனிஸ்டுகள் அதே மாதத்தில் சீனக் கைக்கூலிகள் என்று சிறையில் அடைக்கப்பட்டனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. இன்று கேள்வி கேட்பவர் எவராயினும் அவருக்கு அந்தப் பட்டம் இலவசமாகக் கிடைக்கிறது.

கைப்பேசிச் செயலிகளைத் தடைசெய்து வீரம் காட்டிய அதே அரசின்கீழ், சீனாவுடனான வர்த்தகப் பற்றாக்குறை 2024-25இல் 9,900 கோடி டாலரைத் தாண்டியது. டெல்லித் தொலைக்காட்சிகளில் சீனப் பொருட்களை உடைத்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது காற்று திசைமாறியிருக்கிறது. 2024 அக்டோபர் 21 அன்று டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்து குறித்து உடன்பாடு எட்டப்பட்டது. 2025 ஆகஸ்ட் 31 அன்று, ஏழு ஆண்டுகளுக்குப் பின் சீனா சென்ற மோடி தியான்ஜினில் ஷியைச் சந்தித்தார். அக்டோபர் 26 முதல் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு நேரடி விமானம் பறக்கிறது. வரவேற்க வேண்டியவைதாம். ஆனால் இந்தத் திருப்பத்துக்குப் பின்னால் இருப்பது ஆழ்ந்த மறுசிந்தனையா? டிரம்ப் இந்தியப் பொருட்கள்மீது 50 சதவீத வரி விதித்து, திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களில் வேலை குறைந்த நெருக்கடியில்தான் பெய்ஜிங் நினைவுக்கு வந்தது. அந்த நினைவும் நிலையானதாகத் தெரியவில்லை. டிரம்ப் ஷியுடன் அமர்ந்து ‘இரு வல்லரசுகள்’ என்று பேசிய மறுநாளே, அக்டோபர் 31 அன்று, கோலாலம்பூரில் அமெரிக்காவுடன் பத்தாண்டுப் பாதுகாப்புச் சட்டக உடன்பாட்டில் ராஜ்நாத் சிங் கையெழுத்திட்டார். ஒரு கை தியான்ஜினில், மறு கை வாஷிங்டனில். இரண்டு கைகளும் என்ன எழுதிக் கொடுத்தன என்று நாடாளுமன்றம் அறியவில்லை.

பெய்ஜிங்கின் அறைக்கதவைத் திறக்கும் வலிமை இந்திய உழைக்கும் மக்களிடம் இல்லை; அது சீனத் தொழிலாளர்களும் அக்கட்சியின் உறுப்பினர்களும் செய்ய வேண்டிய வேலை. டெல்லியின் கதவு அப்படியன்று. 2025 டிசம்பர் 1 அன்று நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது. 2024 அக்டோபர் ரோந்து உடன்பாட்டின் முழு வாசகம் அவையில் வைக்கப்பட வேண்டும். 2020 ஏப்ரலுக்கு முன் இந்திய வீரர்கள் சென்றுவந்த ரோந்து முனைகளில் இன்று எவற்றுக்குச் செல்ல முடிகிறது என்பதற்கு அமைச்சர் பதில் தர வேண்டும். கோலாலம்பூர் உடன்பாடும் விவாதத்துக்கு வர வேண்டும். எல்லைப் பேச்சைச் சிறப்புப் பிரதிநிதிகள் இருவரின் தனிக்காரியமாக விடாமல், அனைத்துக் கட்சிகளும் இடம்பெறும் நிலைக்குழுவின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும்.

கேட்கப்பட வேண்டிய முதல் சாட்சிகள் லடாக்கில் இருக்கிறார்கள். கல்வானுக்குப் பின் உருவாக்கப்பட்ட இடைவெளி மண்டலங்களால், தலைமுறைகளாக ஆடு மேய்த்த குளிர்கால மேய்ச்சல் நிலங்களை இழந்துவிட்டதாகச் சுஷூல் பகுதி மக்கள் ஐந்து ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். பாஷ்மினாக் கம்பளி தரும் ஆடுகள் அவை. பனிக்காலத்தில் அந்தச் சரிவுகளில்தான் புல் கிடைக்கும். எல்லைக் கோடு எங்கே இருந்தது, எங்கே நகர்ந்தது என்பது அந்த மேய்ப்பர்களுக்குக் காலடியளவில் தெரியும். அவர்களுடைய மண்ணுக்கு மாநிலத் தகுதியும் ஆறாம் அட்டவணைப் பாதுகாப்பும் கேட்டு லேயில் திரண்ட மக்கள்மீது 2025 செப்டம்பர் 24 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. நான்கு பேர் உயிரிழந்தனர்.